வெள்ளிக்கிழமை மட்டும் வாயடைக்கும் செட்டு

“வால்வை மாத்திட்டியா?” என்று கர்ணன் நேராகக் கேட்டிருந்தால் சொர்ணலதாவுக்குப் பாதி நோவு குறைந்திருக்கும். அவர் கேட்டது வேறு மாதிரி.

“அந்த ரேடியோவைப் பிரிச்சிட்டியா தாயி?”

“இன்னும் இல்லண்ணே. அடுத்த வாரம் எடுக்கலாம்னு வச்சிருக்கேன்.”

“நல்லதாப் போச்சு. வண்டி கொண்டாந்திருக்கேன். ஏத்திக்கிறேன்.”

“ஏன், என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. அப்பா ஞாபகமா இருக்கட்டும்னு வீட்டுல சொல்றாக.”

“கொண்டாந்து வச்ச அன்னைக்கு அண்ணிதானே போன்ல சொன்னாக, அந்தக் குப்பை வீட்ட விட்டுப் போனாச் சரின்னு?”

கர்ணன் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். மேலே சுற்றிய விசிறியைப் பார்த்தார். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“கம்பத்துல பரீத் பாய் வீட்டுச் செட்டு கத்துதாமே. மண்டியில ஏலம் நடக்கையில பேசிக்கிட்டாக. பழைய வால்வு அப்படியே இருந்தாக் கத்துமான்னு ஒருத்தரு கேட்டாரு. நான் கேக்கல தாயி. அவரு கேட்டாரு.”

“அந்த ஒருத்தரு பேரு பரீத்தா?”

“எனக்கு எதுக்கு வம்பு” என்று சொல்லிவிட்டுக் கர்ணன் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சின்னமனூரில் சொர்ணலதா வைத்திருந்தது மின் சாமான்கள் பழுது பார்க்கும் கடை. மிக்ஸி, டிவி, மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் வரும். ஆனால் அவள் ஆசையாகச் செய்வது வால்வு செட்டு. பழைய ரேடியோக்களில் கண்ணாடிக் குழாய்களாக நின்று சிவக்குமே, அந்த வால்வுகளை எடுத்து, புதுத் தகரப் பெட்டியில் பொருத்தி, பாட்டுக் கேட்கிற ஆம்ப்ளிஃபயராக மாற்றித் தருவாள். அப்படிச் செய்யக் கொடுப்பவர்கள் தகப்பன், பாட்டன் வைத்திருந்த ரேடியோவைத்தான் கொண்டுவந்து தருவார்கள். கடையைப் பூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனால், அடுத்தவர் பொருள் உள்ளே கிடக்கும். அது அப்படியே இருக்கும் என்று நம்பி ஊரில் நிம்மதியாகத் தூங்குவார்கள். உள்ளே இருப்பதை உருவிக்கொண்டு மட்டமானதை வைத்துக் கொடுக்கிறாள் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால், வால்வு மட்டுமல்ல, மிக்ஸிகூட வராது. கர்ணனோடு போனது ஒரு ரேடியோ அல்ல என்று அவளுக்குத் தெரியும்.

சேக் பரீத் கம்பத்தில் திராட்சை மண்டி வைத்திருப்பவர். அவருடைய அத்தா காலத்து ரேடியோவிலிருந்து எடுத்த வால்வுகளையும் டிரான்ஸ்பார்மரையும் வைத்துத்தான் அந்தச் செட்டைச் செய்து கொடுத்தாள். கடையில் வைத்துக் கேட்டபோது மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லை. அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் இந்தக் கத்தல். அவளே அவருக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, இப்பக் கத்துதா?”

“கத்துதாவா? கேளு” என்று அவர் போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தார். உம்ம்ம் என்று அடியில் ஒன்று, அதன் மேல் கர்ர் என்று ஒன்று.

“சிடி பிளேயர்ல இருந்து வர்ற வயரை உருவிட்டு, சத்தம் நிக்குதான்னு சொல்லுங்க.”

“நான் எதையும் தொட மாட்டேன் தங்கச்சி.”

“சும்மா இழுத்தா வந்துரும்ணே.”

“வந்துரும். அப்புறம் நீங்க கை வச்சதாலதான் கெட்டுச்சும்ப. நான் தொட மாட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு வீட்டுலதான் இருப்பேன். வா.”

எப்போதும் வெள்ளிக்கிழமைதான். அன்றைக்குத்தான் மண்டியைப் பாதியில் மூடிவிட்டு அவர் வீட்டில் இருப்பார். இதற்கு முன்பும் அவள் வெள்ளிக்கிழமைகளில் போய்வந்திருக்கிறாள். போனபோதெல்லாம் செட்டு ஊமையாக இருந்தது.

இந்த வெள்ளியும் அதே கதை. கூடத்தில் சாம்பிராணி வாசம் மீதமிருந்தது. கழுவித் துடைத்த தரை காலில் குளுகுளுவென்று பட்டது. பரீத் சுவிட்சைப் போட்டார். வால்வுகள் மெல்லச் சிவந்தன. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

“கேக்குதா?” என்றார் பரீத்.

“ஒண்ணும் கேக்கலையே.”

“அதத்தான் நானும் கேக்கேன். புதன்கிழமை வரைக்கும் ஊரைக் கூட்டுச்சு. நீ வந்தா மட்டும் ஏன் வாயை மூடிக்கிருது?”

“டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் விடுறதில்லையா?”

“காய்ச்சலைக் குடுக்கறதே டாக்டரா இருந்தா?”

சொர்ணலதாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அடுப்படி வாசலில் நின்ற அம்சத் பீவி, பரீத்தின் மனைவி, குறுக்கே விழுந்தாள்.

“ஏங்க, வந்தவளுக்கு ஒரு டீயைக் குடுத்துட்டுப் பேசுங்களேன். அவளே பேயை விட்டு அவளே எடுக்கவா வந்திருக்கா?”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“வாயால சொல்லல.”

சொர்ணலதா செட்டை அணைத்து, மெல்லக் கவிழ்த்துப் பார்த்தாள். அடித்தகட்டை மூடிய திருகுகளின் தலையில் அவள் எப்போதும் ஒரு பொட்டு சிவப்பு நெயில் பாலிஷ் வைப்பாள். வைப்பது யாருக்கும் தெரியாது. திருகைத் திருப்பினால் பொட்டு உடைந்துபோகும். உடைந்திருந்தது.

“இதை யாரு கழட்டுனா?”

“யாரும் கழட்டல” என்றார் பரீத்.

அவர் சொன்ன வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

“தேனியில யார்ட்டயும் காட்டுனீகளா?”

“நான் ஏன் காட்டப்போறேன்? உன்மேல நம்பிக்கை இல்லாமலா?”

“அது எனக்கு எப்புடித் தெரியும்?”

“எனக்கும்தான் எப்புடித் தெரியும்?” என்றார் பரீத். எது எப்படித் தெரியும் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. டீ ஆறிப்போனது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் மனசு ஓடிக்கொண்டே இருந்தது. வேறு மெக்கானிக் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறான். அல்லது பரீத்துக்குச் செட்டு பிடிக்கவில்லை, திருப்பிக் கொடுக்கச் சாக்குத் தேடுகிறார். அல்லது அந்த அம்சத் மதினிக்கே அடுப்பு மாதிரி எரிகிற பெட்டி நடுக்கூடத்தில் இருப்பது பிடிக்காமல், யாரும் பார்க்காதபோது எதையோ இழுத்துவிடுகிறாளோ? உத்தமபாளையம் தாண்டும்போதுதான் வேறொன்று உறைத்தது. அந்த வீட்டில் வெள்ளியைத் தவிர வேறு கிழமையை அவள் பார்த்ததே இல்லை.

புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டினாள்.

“அவுக மண்டிக்குப் போயிட்டாகளே” என்றாள் அம்சத் பீவி.

“தெரியும் மதினி. அவுக இல்லாதப்பவே ஒருதரம் கேக்கணும்னு வந்தேன்.”

“இல்லாதப்பவா? அது ஏன்?” கதவு நிலையில் வைத்த கையை அம்சத் பீவி எடுக்கவில்லை.

“நீங்க பக்கத்துலயே உக்காருங்க. என் கையையே பாத்துக்கிட்டு இருங்க.”

“நீ சொல்லாட்டியும் பாக்கத்தான் போறேன். வா உள்ள.”

சுவிட்சைப் போட்டார்கள். வால்வுகள் சூடேறின. உம்ம்ம் என்று கிளம்பியது. அதன் மேல் கர்ர்.

சொர்ணலதாவின் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து அம்சத் பீவிக்குக் கோபம் வந்தது.

“கத்துறதக் கேட்டா சிரிக்கிற?”

“கையோட சிக்கிருச்சுல்ல மதினி. இத்தனை நாளா ஆள் இல்லாத வீட்டுல திருடனத் தேடுன மாதிரி இருந்துச்சு.”

“திருடன்னு யாரச் சொல்ற?”

“இன்னும் தெரியல. பொறுங்க.”

சிடி பிளேயரிலிருந்து செட்டுக்கு வரும் வயரை உருவினாள். சத்தம் பட்டென்று நின்றது.

“போச்சு!” என்றாள் அம்சத் பீவி. “அப்ப வால்வுல கோளாறு இல்லையா?”

“வால்வுன்னா வயரை உருவுனாலும் கத்தணுமே.”

“அப்ப அந்தப் பிளேயர்தான் கெட்டது.”

“இருக்கலாம். ஆனா என் மனசு அதுல நிக்கல.” பையிலிருந்து டெஸ்டரை எடுத்துச் செட்டின் தகரத்தில் வைத்தாள். உள்ளே சின்ன விளக்கு மினுங்கியது. “இங்கன பாருங்க. பெட்டித் தகரத்துல கரண்டு நிக்குது.”

“அய்யோ! தினம் நான் அத துணியால துடைக்கேனே. உன் செட்டு ஷாக்கடிக்குமா?”

“செட்டுன்னா அணைச்சா நிக்கணும்.” சுவரில் சுவிட்சை அணைத்தாள். வால்வுகள் கருத்துக்கொண்டே வந்தன. மறுபடி டெஸ்டரை வைத்தாள். அது இன்னும் மினுங்கியது.

அம்சத் பீவி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள். “அணைஞ்ச பெட்டியில எப்புடி கரண்டு வரும்?”

“எர்த்து வழியா. இந்த வீட்டுல எங்கனயோ ஒரு சாமான்ல கரண்டு கசியுது. கசிஞ்சது எர்த்து கம்பி வழியா மண்ணுக்குள்ள போயிரணும். போக முடியாம கம்பியிலயே நிக்குது. அதே கம்பிதான் இந்தச் செட்டுத் தகரத்துக்கும் வருது. அங்கருந்து அந்த வயரு வழியாப் பிளேயருக்கு ஓடப் பாக்குது. அதைத்தான் இது பாடுது.”

அம்சத் பீவி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பிரிட்ஜா இருக்குமா?” என்றாள்.

“ஏன் மதினி?”

“செருப்பில்லாமத் தொட்டா சுருக்குங்குது. அவுககிட்ட சொன்னேன். பிரிட்ஜுல ஒண்ணுமில்ல, உன் கையிலதான் வாதம்னுட்டாக. நாட்டு மருந்துக்கடையில வாங்கியாந்து கசாயம் வச்சு, பக்கத்துல நின்னு குடிக்க வச்சாக. இன்னைக்கு வரைக்கும் குடிக்கேன்.”

“குடிச்சுமா சுருக்குங்குது?”

“குடிச்சதுல வாயும் சேந்து கசக்குது. வேற ஒண்ணும் இல்ல.”

சொர்ணலதா அடுப்படிக்குப் போய்ப் பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். திரும்பி வந்து தகரத்தில் டெஸ்டரை வைத்தாள். விளக்கு செத்திருந்தது.

பாதி திருடன் அகப்பட்டான். மீதி, அந்த உடைந்த பொட்டு. கழற்றியவன் உள்ளே எதையும் கலைத்திருக்கிறானா என்று பார்க்காமல் போக அவளுக்கு மனம் வரவில்லை. செட்டின் பிளக்கை உருவி, கவிழ்த்து, அடித்தகட்டைத் திறந்து, கண்டன்சரில் தேங்கியிருந்த கரண்டை இறக்கிவிட்டு, ஒவ்வொரு வயராகக் குச்சியால் நெம்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் பைக் வந்து நின்றது. சாப்பாட்டுக்கு வந்த பரீத், வயிறு திறந்து கிடந்த செட்டையும் அதன்மேல் குனிந்திருந்தவளையும் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமைதானே வரச் சொன்னேன்?”

“வெள்ளிக்கிழமை கத்தலையேண்ணே.”

“நான் இல்லாத நேரம் பாத்து வந்து திருப்பி வைக்கியாக்கும்.”

“எதைத் திருப்பி வைக்கேன்?”

“எடுத்தத!”

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. சொர்ணலதா குச்சியைக் கீழே வைத்தாள்.

“இப்பவாவது வாயத் தொறந்து சொன்னீகளே. நான் என்ன எடுத்தேன்?”

“எங்க அத்தா ரேடியோ வால்வு.”

“எதை வச்சுச் சொல்றீக?”

“குறி இல்ல.”

“என்ன குறி?”

பரீத் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் சொன்னார்.

“உன்கிட்டக் குடுக்கறதுக்கு முந்தி எல்லாத்துலயும் குறி போட்டேன். மண்டிக் குறி. வட்டத்துக்குள்ள மூணு கோடு. ஊதா மார்க்கர்ல.”

திராட்சைப் பெட்டி எது கைமாறினாலும் அவரவர் மண்டிக் குறி போட்டுத்தான் வெளியே போகும். லாரியிலும் சந்தையிலும் அது இல்லாத பெட்டி யாருடையதோ. பழக்க தோஷத்தில் அத்தாவின் வால்வுகளுக்கும் அதையே போட்டிருக்கிறார்.

“எங்கிட்டச் சொல்லலையே.”

“சொன்னா அப்புறம் குறி எதுக்கு?”

“அதுவும் சரிதான்” என்றாள் சொர்ணலதா. “அப்ப அடித்தகட்டைக் கழட்டுனது நீங்க.”

“நானில்ல.”

“என் சிவப்புப் பொட்டு உடைஞ்சிருக்கு.”

“என்ன பொட்டு?”

“நெயில் பாலிஷ். திருகு மேல வச்சிருப்பேன், யாராச்சும் திறந்தாத் தெரியணும்னு.”

“எங்கிட்டச் சொல்லலையே!”

“சொன்னா அப்புறம் பொட்டு எதுக்கு?”

அம்சத் பீவி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“நான்தான் திறந்தேன்” என்றார் பரீத். “வால்வுல குறி இல்லைன்னதும், டிரான்ஸ்பார்மர்லயாவது இருக்கான்னு பாக்கத் திறந்தேன். ஒரே வயராக் கிடந்துச்சு. பயந்து மூடிட்டேன்.”

“உள்ள முந்நூறு வோல்ட் நிக்கும்ணே. அணைச்சு வச்சாலும் கொஞ்ச நேரம் நிக்கும். கை வச்சிருந்தா நீங்க மண்டிக்குப் போயிருக்க மாட்டீக.”

“யா அல்லா! இந்த மனுசன் என்னைய கசாயம் குடிக்க வச்சுட்டு, தான் சாகப் பாத்திருக்காரே” என்றாள் அம்சத் பீவி.

“டிரான்ஸ்பார்மர்ல எங்கன போட்டீக?” என்று சொர்ணலதா கேட்டாள்.

“அடிப்பக்கம்.”

அடிப்பக்கம் தகரத்தோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. சொர்ணலதா நட்டுகளைக் கழற்றினாள். மூன்று பேர் தலையும் ஒன்றோடொன்று முட்டாத குறை. டிரான்ஸ்பார்மரை ஒரு பக்கமாகத் தூக்கிச் சாய்த்தாள். இரும்பின் மேல் ஊதா வட்டம், அதற்குள் மூன்று கோடு, போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது.

பரீத் அதை விரலால் தடவிப் பார்த்தார். முகம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் மண்டிக்காரர்.

“இது சரி. வால்வுல இல்லையே?”

“கண்ணாடியிலதானே போட்டீக? அந்த மார்க்கரைக் கொண்டாங்க.”

சட்டைப் பையிலேயே இருந்தது. அவள் ஒரு கண்ணாடித் தம்ளரை வாங்கி, அவரையே அதில் குறி போடச் சொன்னாள். நன்றாகக் காய்ந்ததும் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தாள். தம்ளர் சுத்தமாக இருந்தது. பஞ்சில் ஊதா ஏறியிருந்தது.

“கைப்பிசுக்கு இருக்கக் கூடாதுன்னு வால்வு எல்லாத்தையும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பேன். உங்க வால்வுல ஊதாவா ஏதோ வந்துச்சு. பழைய கடைக்காரன் எழுதுன நம்பரு போலன்னு நினைச்சேன். டிரான்ஸ்பார்மருக்கு ஸ்பிரிட் போட மாட்டேன்.”

“திராட்சைக்குப் போடுற குறியைக் கொண்டுபோய் அத்தா ரேடியோவுக்குப் போட்டிருக்காக” என்றாள் அம்சத் பீவி. “எம் முதுகுல எங்கயாவது போட்டிருக்காகளான்னு பாக்கணும். சொர்ணம், அந்த ஸ்பிரிட்டுல கொஞ்சம் வச்சுட்டுப் போ.”

“சும்மா இரு” என்றார் பரீத். பிறகு சொர்ணலதாவிடம், “அப்ப கத்துறது?”

“மதினியைக் கேளுங்க. இப்ப அவுகளும் மெக்கானிக்தான்.”

அம்சத் பீவி விடவில்லை. பிரிட்ஜ், சுருக்கு, கசாயம், எர்த்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கசாயத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

டிரான்ஸ்பார்மரை முறுக்கி, தகட்டை மூடி, செட்டின் பிளக்கையும் பிளேயர் வயரையும் மறுபடி மாட்டிவிட்டு, “எர்த் குழி எங்கன இருக்கு?” என்று சொர்ணலதா கேட்டாள்.

கொல்லையின் மூலையில் இருந்தது. மேல் சிலாப்பைத் தள்ளிப் பார்த்தால் மண் சாம்பலாகப் பொலபொலத்துக் கிடந்தது.

“முந்தி அடுப்படித் தண்ணியெல்லாம் இங்கனதான் வரும்” என்றாள் அம்சத் பீவி. “போன வருசம் குழாய் போட்டுச் சாக்கடைக்குத் திருப்பிட்டாக. அதுக்கப்புறம் அந்தத் தண்ணி இந்தப் பக்கம் சொட்டு வர்றதில்ல.”

“மண்ணு ஈரமா இருந்தாத்தான் கரண்டை உள்ள வாங்கும். அண்ணே, பிரிட்ஜு பிளக்கை மறுபடி மாட்டிட்டு, செட்டைப் போட்டுட்டு வாங்க. செருப்புப் போட்டுக்கங்க. பிரிட்ஜைத் தொட்டுறாதீக.”

பரீத் போய்ப் போட்டுவிட்டு வந்தார். உம்ம்ம் என்ற சத்தம் கொல்லை வரை கேட்டது. சொர்ணலதா வாளியைக் காட்டினாள். வெள்ளைச் சட்டையோடு அவர்தான் தண்ணீர் மொண்டு ஊற்றினார். மண் சத்தம் போட்டுக் குடித்தது. கர்ர் முதலில் போனது. இன்னும் ஊற்றினார். உம்ம்ம் இறங்கிக்கொண்டே வந்து, அடுத்த வீட்டுச் சத்தம் போலாகி, பிறகு இல்லை.

மூன்று பேரும் கூடத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

“வியாழக்கிழமை!” என்றாள் அம்சத் பீவி திடீரென்று.

“என்ன?”

“வெள்ளிராவுக்கு வியாழக்கிழமை சாயந்தரம் வீட்டைக் கழுவிவிடுறேன்ல? மத்த நாளு மாப்பு போட்டுத் துடைக்கிறதோட சரி. கழுவுன தண்ணி கூடத்து மடை வழியா இந்த மூலைக்குத்தானே வருது? வெள்ளிக்கிழமை ஈரம் இருக்கு. ஞாயித்துக்கிழமை காஞ்சிருது. இந்தப் பிள்ளை எப்பப் பாத்தாலும் வெள்ளிக்கிழமைதான் வந்துச்சு!”

“நீங்கதான் வரச் சொன்னீக” என்றாள் சொர்ணலதா பரீத்தைப் பார்த்து.

பரீத் வாளியைக் கீழே வைத்தார். “கோவிச்சுக்காத தங்கச்சி.”

“கோவம் இருக்கட்டும். பிரிட்ஜைப் பாக்குற ஆளைக் கூப்பிட்டுக் கசிவை அடைங்க. எர்த் குழியைத் தோண்டிக் கரியும் உப்பும் போட்டுப் புதுசா அடிங்க. அதுவரைக்கும் பிளக்கு மாட்டக் கூடாது. கசாயத்தை நிறுத்துங்க.”

“செஞ்சுர்றேன். கர்ணனுக்கும் இப்பவே போன் போட்டுச் சொல்றேன்.”

“போன்லயா சொன்னீக?”

பரீத் விழித்தார்.

“ஏலம் நடக்கையில, அத்தனை பேருக்கு முன்னால கேட்டீக, பழைய வால்வு பழசாவே இருந்தாக் கத்துமான்னு. கர்ணண்ணே ஒருத்தர்தான் வண்டியோட வந்தாரு. வராமலே இருந்துட்டவுக யாருன்னு எனக்கு எப்புடித் தெரியும்? ஏலத்துல சொன்னத ஏலத்துலயே சொல்லுங்க.”

“மண்டியில நின்னு, எங்க வீட்டுப் பிரிட்ஜு கசியுது, எர்த்து காஞ்சுபோச்சுன்னு சொல்லச் சொல்றியா? சிரிப்பானுக.”

“என்னையப் பத்திச் சொன்னப்ப அவுக சிரிக்கல அண்ணே. நம்புனாக.”

பரீத் ஈரமான சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றார்.

“நீங்க சொல்லலைன்னா நான் வர்றேன் மண்டிக்கு” என்றாள் அம்சத் பீவி. “கசாயச் சட்டியோட வர்றேன்.”

அடுத்த வாரம் கர்ணனின் வண்டி கடை வாசலில் நின்றது. ரேடியோவை இறக்கினார்.

“என்னண்ணே, அப்பா ஞாபகம்?”

“வந்துச்சு, போயிருச்சு” என்றார் கர்ணன். “பரீத் பாய் நேத்து ஏலத்தை நிறுத்திட்டுப் பேசினாரு தாயி. ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டி, எர்த்துன்னா என்னன்னு ஊருக்கே பாடம் எடுத்தாரு. இனிமே எல்லாரும் வீட்டுக்குப் போய்க் குழியில தண்ணி ஊத்தணுமாம்.”

“சிரிச்சாகளா?”

“பின்ன? கசாயத்துக்குப் பேர் கேட்டானுக.” போகும்போது வாசலில் நின்று, “நான் சந்தேகப்படல தாயி, உனக்கே தெரியும்” என்றார்.

“தெரியும்ணே.”

அவர் போன பிறகு ரேடியோவின் பின்மூடியைக் கழற்றி வால்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் நிறுத்தினாள். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு முதல் வால்வைத் திருப்பினாள். கண்ணாடி முடிகிற இடத்தில், கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, பச்சை மையில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. அடுத்ததிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. மை இன்னும் புதுசு.

சொர்ணலதா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பஞ்சை நுனியாகத் திரித்துக்கொண்டு, குறியின் மேல் படாமல் சுற்றிலும் துடைத்தாள்.

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு எதிரே இருந்த பேன்சி ஸ்டோருக்குப் போனாள்.

“அக்கா, எப்பவும் போல சிவப்பு நெயில் பாலிஷ்தானே?” என்றாள் அங்கே இருந்த பெண்.

“இல்ல. சிவப்பு இப்ப ஊருக்கே தெரிஞ்சுருச்சு. வேற கலர் காட்டு.”